என் வாயால் பேசியவன்

பேய் என்றால் நடுச்சாமம், சுடுகாடு, நாய் ஊளை என்றுதான் நினைப்பீர்கள். எனக்கு நடந்தது நல்ல மதிய வேளையில். வெளியே கண் கூசும் வெயில். மணல் கொதித்துக்கொண்டிருந்தது. பைபிள் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சேர்க்கவில்லை.

1943ஆம் வருஷம். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு அப்போது சின்ன வயது. பெயர் தானியேல். பட்டாளத்தில் வேலை, ஆனால் துப்பாக்கியைத் தொட்டதில்லை. என் வேலை பேசுவது.

புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்கு அந்த நாளில் சினிமா போட்டுப் பாடம் நடத்துவார்கள். பள்ளம் வெட்டுவது எப்படி, மலேரியா கொசுவிடமிருந்து தப்புவது எப்படி, தலைக்கு மேல் விமானம் வந்தால் எப்படிப் படுப்பது... எல்லாவற்றுக்கும் ஒரு படம் உண்டு. எல்லாம் சீமையில் எடுத்தவை. பேச்சு இங்கிலீஷில் இருக்கும். நம் ஆட்களுக்குப் புரியாது. அதனால் சத்தத்தை அடைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அந்த ஒருவன் நான். டைப் அடித்த காகிதம் கையில் இருக்கும். கொஞ்ச நாளில் அதுவும் தேவைப்படவில்லை. படம் ஓடினால் வாய் தானாகப் பேசும்.

மெஷின் ஓட்டுகிறவர் கிருஷ்ணன். என்னைவிடப் பெரியவர். வெற்றிலை போடும்போதுகூட ரீல் மேல் ஒரு கண் வைத்திருப்பார். நாங்கள் இருவரும் ஒரு லாரியில் ஊர் ஊராகப் போவோம்.

அப்படித்தான் பழவேற்காட்டுக்குப் போனோம்.

ராணுவத்துக்குப் படகோட்டத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து ஒரு கூட்டம் இளைஞர்கள் கைரேகை வைத்துச் சேர்ந்திருந்தார்கள். அவர்களைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் எங்கள் படம். 'கப்பல் மூழ்கினால் என்ன செய்வது' என்பதுதான் பாடம்.

பகலில் படம் போட இருட்டு வேண்டும். கோட்டை இடிபாட்டுக்குக் கிட்டே டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் காலத்துக் கிடங்கு ஒன்று இருந்தது. கனத்த சுவர். சின்னச் சின்ன சன்னல்கள். அவற்றைக் கோணியால் அடைத்தோம். ஒரே கதவு. பழைய கனமான மரக்கதவு. அது உள்பக்கமாகத் திறக்கும். நானே இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தேன். அதனால் நிச்சயமாகத் தெரியும்.

பக்கத்திலேயே ஒல்லாந்தர் கல்லறை. அதன் வாசல் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். இந்தச் சம்பவத்தை யாரிடம் சொன்னாலும் உடனே, "அந்தக் கல்லறைப் பேய்தான்" என்பார்கள். இல்லை. அந்த வெள்ளைக்காரர்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஹவில்தார் சீனிவாசன் பையன்களை வரிசையாக உட்காரவைத்தார். முதல் வரிசையில் துளசிங்கம் என்று ஒருவன். லைட்ஹவுஸ் குப்பத்துப் பையன். சிரித்த முகம். அவன் அண்ணன் அங்கமுத்து போன வருஷமே பட்டாளத்தில் சேர்ந்து கப்பலில் போய்விட்டானாம். அண்ணன் வழியில் தம்பியும் புறப்பட்டிருந்தான்.

"இன்னா சார், இன்னா படம்?" என்று கேட்டான்.

"கடலில் விழுந்தால் எப்படிப் பிழைக்கிறது என்று."

கிடங்கே அதிரும்படி சிரித்தார்கள்.

"சார், எங்கம்மா என்ன கரையில பெத்துச்சா தண்ணியில பெத்துச்சான்னு அதுக்கே தெரியாது. எங்களுக்கா நீஞ்ச சொல்லிக் குடுக்கப் போறீங்க?"

நானும் சிரித்தேன். ஹவில்தார் மட்டும் சிரிக்கவில்லை. கதவை இழுத்து மூடிக்கொண்டு வெளியே காவலுக்கு நின்றார். வெளியே ஜெனரேட்டர் தடதடவென்று ஓடியது. கிருஷ்ணன் மெஷின் விளக்கைப் போட்டார். படம் ஆரம்பித்தது.

அந்தப் படத்தை நான் அதற்கு முன் எத்தனையோ ஊரில் சொல்லியிருக்கிறேன். ஒரு துறைமுகம். அமைதியான தண்ணீர். கப்பல் தளத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வரிசையாக நிற்பார்கள். மிதக்கும் சட்டையை மாட்டுவார்கள். கயிற்று ஏணியில் இறங்குவார்கள். அவ்வளவுதான்.

"சங்கு ஊதியதும் மேல் தளத்துக்கு வா," என்றேன். "வரிசையில் நில். அவசரப்படாதே. முன்னால் இருப்பவனைத் தள்ளாதே..."

வரிசையில் கடைசியாக ஒருவன் கூடுதலாக நின்றான்.

முதலில் எனக்குச் சந்தேகம்தான். அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை. கம்பியும் கடலும்தான் தெரியும். இப்போது ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மற்றவர்கள் எல்லாரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள். இவன் வெறுங்காலோடு நின்றான். கால் கறுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது.

கிருஷ்ணனைப் பார்த்தேன். அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவனாக ஏணியில் இறங்கினான். அவன் மட்டும் நகரவில்லை. எல்லாரும் போன பிறகு, வெறும் தளத்தில் அவன் ஒருவனே நின்றான்.

பிறகு... திரை கறுத்தது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து புறப்பட்ட வெளிச்சம் தூசியோடு எங்கள் தலைக்கு மேல் போவது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் திரையில் அது விழவில்லை. திரை கிணறு மாதிரி இருந்தது.

எண்ணெய் வாடை வந்தது. கப்பல் எண்ணெய்.

"கிருஷ்ணன் அண்ணே, நிறுத்துங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

வேறு பேச்சு வந்தது.

"கதவு..."

என் வாய்தான். என் நாக்குதான் அசைந்தது. குரல் என்னுடையது இல்லை.

"கதவு நவுறல... எல்லாம் சேந்து தள்ளுங்கடா... தள்ளுங்க..."

நான் வேப்பேரியில் பிறந்தவன். மிஷன் பள்ளியில் படித்தவன். குப்பத்துப் பேச்சு எனக்கு வராது. அது அப்படியே குப்பத்துப் பேச்சு.

முதல் வரிசையில் துளசிங்கம் எழுந்து நின்றான்.

"அண்ணே?" என்றான்.

நிறுத்தப் பார்த்தேன். பல்லைக் கடித்தேன். நாக்கு கடிபட்டு ரத்தம் வந்தது. அப்படியும் பேச்சு நிற்கவில்லை.

"தண்ணி முட்டி வரிக்கும் வந்துச்சி... தள்ளுங்கடா... அழாத, எவனும் அழாத... நைனாவ கூப்டாத, அவருக்கு இங்கேர்ந்து கேக்காது..."

பையன்கள் மிரண்டார்கள். ஒருவன் கதவைப் பார்த்து ஓடினான். பின்னாலேயே எல்லாரும் ஓடினார்கள்.

கதவைத் தள்ளினார்கள்.

உள்பக்கம் திறக்கிற கதவு அது. இழுக்க வேண்டும். எனக்குத் தெரியும். அந்தக் கிடங்குக்குள் அதைத் தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தவன் நான்தான். 'இழுங்க, இழுங்க' என்று மனசுக்குள் கத்தினேன்.

வாய் சொன்னது, "தள்ளுங்க."

ஒருவர் மேல் ஒருவராக நெருக்கினார்கள். முன்னால் இருந்தவன் அலறினான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. வெளியே ஹவில்தார், "இன்னாடா அங்க? நவுருங்கடா!" என்று கத்துவது எங்கோ தூரத்தில் கேட்டது.

"இடுப்பு வரிக்கும் வந்துச்சி..."

என் கால் அசையவில்லை.

"மாரு வரிக்கும்..."

மூச்சு முட்டியது.

"தள்ளுங்க..."

எனக்கும் மூச்சு வரவில்லை. தொண்டையில் உப்பு...

"தொளசீ..."

டப்... டப்... டப்...

ரீல் முடிந்து பிலிமின் வால் மெஷினில் அடித்துக்கொண்டது. திரை வெள்ளையாக மாறியது. என் வாய் என்னிடம் திரும்பி வந்தது.

"இழுங்க! கதவை உள்ளே இழுங்க!" என்று அலறினேன்.

கிருஷ்ணன்தான் பாய்ந்து போய் பையன்களைப் பிடித்துப் பின்னால் தள்ளிக் கதவை இழுத்தார். வெயில் உள்ளே வந்து விழுந்தது. எல்லாரும் மணலில் போய்ச் சரிந்தார்கள். துளசிங்கத்தின் வலது கை மணிக்கட்டு இரண்டாக ஒடிந்து தொங்கியது. அவன் கையைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹவில்தார் என் சட்டையைப் பிடித்தார். "குடிச்சிருக்கியா?"

அன்று முழுக்க வாயைத் திறக்கவே எனக்குப் பயம்.

சாயங்காலம் ஒரு மனிதர் எங்கள் லாரியைத் தேடி வந்தார். இடுப்பில் ஈரத்துண்டு. பழவேற்காட்டு ஏரியில் வலை போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். பெயர் தாமோதரன். துளசிங்கத்துக்கும் அங்கமுத்துவுக்கும் அப்பா.

"பெரியவன் உன் வாயில வந்து பேசுனான்னு பசங்க சொல்றாங்க," என்றார். "இன்னா சொன்னான்? எங்கிட்ட சொல்லு சாமி."

எப்படிச் சொல்வேன்? நைனாவுக்குக் கேட்காது என்று சொன்னான் என்றா?

"எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை ஐயா," என்றேன்.

அவர் நம்பவில்லை. கோபப்படவும் இல்லை. "அப்ப அந்தப் படத்த ஒரே ஒரு தபா எனக்குப் போட்டுக் காட்டு. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை கிருஷ்ணன் யாருக்கும் தெரியாமல் போட்டுக் காட்டினார். கதவை விரியத் திறந்துவைத்தோம். வெளிச்சத்தில் படம் மங்கலாகத்தான் தெரிந்தது. நான் கிடங்குக்கு வெளியே நின்றேன். தாமோதரன் தனியாகத் தரையில் உட்கார்ந்து பார்த்தார். அமைதியான தண்ணீர். வெள்ளைக்காரர்கள். கயிற்று ஏணி. வேறு ஒன்றுமே இல்லை. வெறுங்காலோடு யாரும் வரவில்லை. படம் முடிந்த பிறகும் அவர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்ட வரமாட்டானாம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஒடிந்த கைக்காரனைப் பட்டாளம் வேண்டாம் என்றது. மற்றவர்கள் கப்பலேறினார்கள். துளசிங்கம் ஊரிலேயே தங்கினான். சில வாரம் கழித்துச் சென்னையில் ஹவில்தாரைப் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது. அங்கமுத்து போன கப்பலை எதிரிகள் குண்டு போட்டு மூழ்கடித்துவிட்டார்களாம். நாங்கள் பழவேற்காட்டுக்குப் போவதற்கு முன்பே அது நடந்துவிட்டதாம். சண்டைக் காலம் என்பதால் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்களாம்.

ஆக, அன்று அந்தக் கிடங்குக்குள் வந்தவன் செத்தவன்.

அந்த வேலையை விட்டுவிட்டேன். சண்டை முடிந்தது. தூக்கத்தில் என் வாய் பேசுகிறது என்று வீட்டில் சொன்னார்கள். என்ன பேசுகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. 1946இல், பொறுக்க முடியாமல், மறுபடி பழவேற்காட்டுக்குப் போனேன்.

துளசிங்கம் என்னை அடையாளம் கண்டுகொண்டான். கை கோணலாகச் சேர்ந்திருந்தது. அப்பா உயிரோடு இல்லை என்றான்.

"அண்ணன்தான் வந்து என் கைய ஒடிச்சி நிறுத்திட்டான்னு நைனா சாவுற வரிக்கும் சொல்லிக்கினு இருந்தாரு சார். தம்பிய காப்பாத்த வந்தான்னு."

நான் தலையாட்டினேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குரல் இருந்தது என் வாய்க்குள். எனக்குத் தெரியும். அவன் யாரையும் காப்பாற்ற வரவில்லை. வெளியே வரத்தான் பார்த்தான்.

"அந்தக் கப்பல்லேர்ந்து தப்பிச்ச ஒருத்தன் இங்க கீறான்," என்று துளசிங்கம் என்னைக் கரைக்குக் கூட்டிப்போனான்.

அர்ஜுனன் என்று பெயர். அங்கமுத்துவோடு சேர்ந்து பட்டாளத்துக்குப் போனவன். வலைப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். நான் யார் என்று துளசிங்கம் சொன்னதும் பீடியைக் கீழே போட்டான்.

"நீங்கதான் அந்தப் படத்துக்குப் பேசுறவரா?"

"ஆமாம்."

"அங்கயும் அந்தப் படந்தான் சார் போட்டாங்க. கப்பலோட அடித்தட்டுல. இருட்டு வோணும்னு இரும்புக் கதவ மூடிட்டாங்க. நான் வெளிய காவலு. அப்பதான் குண்டு விழுந்துச்சி. கதவு நசுங்கிப் போச்சி. நான் இந்தாண்டேர்ந்து இழுத்தேன். அவுங்க அந்தாண்டேர்ந்து தள்ளுனாங்க. அசையல."

நான் அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கப்பல்ல தமிழ்ல சொல்றதுக்கு உங்களாட்டம் ஆளு கிடையாது. நம்ம பசங்களுக்கு இங்கிலீஸ் புரியாது இல்ல? அதனால தொரை ஒருத்தன எழுப்பி நிக்க வெச்சி, நீ பாத்து இவுங்களுக்குச் சொல்லுன்னாரு."

"யாரை?"

"அங்கமுத்துவத்தான்."

அலை வந்து போனது. அர்ஜுனன் கடலைப் பார்க்காமல் மணலைப் பார்த்தபடி சொன்னான்.

"கப்பலு சாஞ்சி உள்ள போயிடுச்சி சார். நான் ஒரு பலகையப் புடிச்சிக்கினு மெதந்துகினு கெடந்தேன். சுத்தி ஒரே தண்ணி. ஒரு ஆளு இல்ல."

"ம்..."

"அப்பவும் கீழேர்ந்து அவன் சொல்லிக்கினேதான் இருந்தான். பொழுது சாயற வரிக்கும் எனக்குக் கேட்டுது."