குடி மட்டும் கற்பனை

கண்ணாடிக்கடை அக்கா என்றால் அந்தத் தெருவில் யாரும் வழிகாட்டுவார்கள். கடையின் பின்னறையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடிக்கான லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து பிரேமுக்குள் பொருத்துவது அவள் வேலை. கொஞ்சம் கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் மூக்கில் மாட்டியதும் கழன்று விழும். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதோடு நின்றிருந்தால் அவளைப் பற்றி நமக்கு இவ்வளவு பேச்சு வந்திருக்காது. அவளுக்குக் கதை எழுதும் ஆசையும் இருந்தது. ஆசை என்று மரியாதையாகச் சொல்கிறேன். வியாதி என்பதுதான் சரி.

கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். "இங்கதான் இருக்கப் போற, யாரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றான் அண்ணன். சொன்னபடியே யாரும் கேட்கவில்லை. அண்ணி முன்னறையைக் காலி செய்து கொடுத்தாள். அண்ணன் எங்கிருந்தோ ஒரு பழைய மேசையைத் தூக்கிவந்து, ஆடுகிற காலுக்கு அட்டையை மடித்து வைத்து, "எழுதறவளுக்கு மேசை வேணாமா?" என்றான். அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். படிப்பு வாசனை அதிகம் இல்லாதவன். தங்கை எழுதுகிறாள் என்பதில் அவனுக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

எழுதியதெல்லாம் ஒரு வாரப் பத்திரிகைக்குப் போகும், போன வேகத்தில் திரும்பி வரும். வராமல் என்ன செய்யும்? அவள் கதையில் வரும் பணக்காரர்கள் எல்லோரும் கடைசிப் பக்கத்தில் திருந்தினார்கள். ஏழைகள் முதல் பக்கத்திலிருந்தே நல்லவர்கள். பெண்கள் ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டார்கள், அதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை.

ஒருநாள் அந்தப் பத்திரிகையின் உதவி ஆசிரியரே போனில் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க கதையில வர்றவங்கல்லாம் துணிக்கடை பொம்மை மாதிரி நிக்கிறாங்க. ஒருத்தருக்குமே பல்வலி வந்ததில்லயா?"

"அப்போ எப்படி எழுதணும் சார்?"

"நல்லாத் தெரிஞ்ச ஆளா ஒருத்தரப் பிடிங்க. அவர் என்ன செய்யறார்னு எழுதுங்க. அப்புறம் ஏன் செய்யறார்னு எழுதுங்க. அந்த ஏன்ங்கறது சரியா விழுந்துட்டா ஆள் எழுந்து நடப்பான்."

நல்லாத் தெரிஞ்ச ஆள் என்றால் யார்? முதலில் கண்ணாடிக்கடை முதலாளியை எழுதிப் பார்த்தாள். அவர் காலையில் கடை திறப்பார், சாயங்காலம் கடை மூடுவார், நடுவில் தூங்குவார். எழுதுகிறவளுக்கே கொட்டாவி வந்தது. பிறகுதான் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வாசலைப் பார்த்தாள். பல்வலிக்காரன் வேனைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான்.

அண்ணனுக்குச் சொத்தைப் பல். பல் டாக்டர் என்றால் பயம். அதனால் எப்போதும் கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பான். வண்டியை எடுக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து, அடியில் எட்டிப் பார்ப்பான். ஏறுகிற பிள்ளைகள் எல்லோருமே அவனுக்கு முதலாளிதான். "வாங்க முதலாளி, தண்ணி பாட்டில் எங்க முதலாளி? அழுதா சம்பளம் தர மாட்டீங்களா முதலாளி?" மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும் முதலாளிகள் எல்லாம் சிரித்துக்கொண்டே ஏறும். பல வருஷமாக அவள் கண்முன் நடக்கிற காட்சி. அதற்குள் ஒரு கதை இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

எழுத எழுதக் கை ஓடியது. முதல் பக்கத்தில் அண்ணன் அப்படியே வந்து நின்றான். கிராம்பு, குனிவது, முதலாளி எல்லாம் வந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். ஏன்? ஏன் கிராம்பு? பல்வலிக்கு என்று எழுதினால் சப்பென்று இருந்தது. ஏன் குனிகிறான்? அது அவளுக்குத் தெரியவே தெரியாது. எழுந்து வாசலுக்குப் போய் அண்ணனையே கேட்டிருக்கலாம், பத்தடி தூரம்கூட இல்லை. அவள் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

யோசித்துக்கொண்டே இருந்தபோது பளிச்சென்று விழுந்தது ஒரு வார்த்தை. குடி. கதையில் வரும் டிரைவர் ரகசியமாகக் குடிக்கிறவன். வாடையை மறைக்கக் கிராம்பு. வண்டிக்கு அடியில் கம்பியால் கட்டிவைத்த பாட்டிலை எடுக்கக் குனிவது. எந்தப் பிள்ளையின் பெயரும் நினைவில் நிற்காததால் எல்லோரையும் முதலாளி என்பது. ஒன்றோடு ஒன்று அப்படிப் பொருந்தியது, அவள் தேய்க்கிற லென்ஸ் பிரேமுக்குள் விழுகிற மாதிரி. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுதுகிறவர்களுக்கு இந்தச் சந்தோஷம் வந்துவிட்டால் பெற்ற தாயே குறுக்கே வந்தாலும் கண் தெரியாது. கதையை முடித்து, ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

கதை அச்சில் வந்தது. அவள் பெயர், மேலே வேன் படம். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படித்தான். 'வாங்க முதலாளி' என்ற இடம் வந்ததும் அப்படி ஒரு சிரிப்பு. "ஏய், என்னையே எழுதிட்டா பாரு! அப்படியே நான்தான்!" என்று அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினான். நேரமாகிவிட்டதால் முதல் பக்கத்தோடு மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பினான். அவளும் "மிச்சத்தையும் படிண்ணா" என்று சொல்லவில்லை. சாயங்காலம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கடைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வீடு திரும்பினால் அண்ணன் முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"பேப்பர் கடையில இருந்த அத்தனை புத்தகத்தையும் வாங்கிட்டேன். நம்ம வேன்ல வர்ற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணு. 'என் கூடவே இருக்கற தங்கச்சிதான் எழுதினா, என்னப் பத்திதான்'னு சொல்லிக் குடுத்தேன்."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"எல்லா வீட்டுக்குமா?"

"ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்குக்கூட. ஏன், வேற யாருக்காவது குடுக்கணுமா?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கதைதானே, கதையை யார் உண்மை என்று நினைக்கப் போகிறார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். நம்பும்படி எழுத வேண்டும் என்று இத்தனை வருஷம் தவம் கிடந்தவளுக்கு, நம்பிவிடுவார்களோ என்று பயப்படத் தெரியவில்லை.

முதலில் மூலைவீட்டு இரட்டையர்கள் வேனில் வருவதை நிறுத்தினார்கள். அந்தப் பக்கமாக ஒரு சொந்தக்காரர் போகிறாராம், அவரே கொண்டுபோய் விடுகிறாராம். அடுத்து மருந்துக்கடைக்காரர் மகள். அவளுக்கு வேனில் தலை சுற்றுகிறதாம். யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை, எல்லோரும் நல்லவர்கள், பதமாகத்தான் பேசினார்கள். இரண்டு தாய்மார்கள் மட்டும் பிள்ளையை ஏற்றிவிடும் சாக்கில் அவன் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று மூச்சை இழுத்தார்கள். ஏன் இப்படிக் கிட்டே வருகிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. வழக்கம்போல இறங்கி, குனிந்து, அடியில் பார்த்துவிட்டு ஏறினான். வீட்டு ஜன்னல்களில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மிச்சப் பக்கங்களை அண்ணன் எப்போது படித்தான் என்று தெரியாது. ஒருநாள் காலை வண்டியைத் துடைத்தபோது அவன் கன்னத்தில் கிராம்பு இல்லை. வலியில் தாடை வீங்கியிருந்தது.

அவள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். ஹெட்மிஸ்ட்ரஸ் மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"மேடம், அது பூரா நான் கற்பனையா எழுதினது. எங்க அண்ணன் அந்தக் கருமத்தத் தொட்டதே இல்ல."

"நல்ல எழுத்தும்மா. ரெண்டு தரம் படிச்சேன். ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத. அவர் கிராம்பு மெல்றது கற்பனையா?"

"இல்ல மேடம். அது பல்வலிக்கு."

"வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கறது?"

"அது உண்மைதான்."

"பிள்ளைங்கள முதலாளின்னு கூப்பிடறது?"

"உண்மைதான் மேடம்."

"அப்போ எதும்மா கற்பனை?"

"குடி மட்டும்."

அவர் மேசைமேல் இருந்த பத்திரிகையை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "மிச்ச எல்லாத்துக்கும் காரணமே அது ஒண்ணுதானேம்மா. அத எடுத்துட்டா, ஒரு ஆள் தினமும் எதுக்கு வண்டிக்கு அடியில குனியணும்? நீயே சொல்லு."

அவளுக்குத் தெரியவில்லை.

"உங்க அண்ணனக் காப்பாத்தணும்னு வந்திருக்க. நான் உன் இடத்துல இருந்தாலும் இதத்தான் செய்வேன். ஆனா எங்கிட்ட இருக்கறது ஊரார் பிள்ளைங்க."

பத்திரிகைக்கும் போன் செய்தாள். ஒரு மறுப்பு போடச் சொல்லிக் கேட்டாள். உதவி ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "கதைக்கு எதுக்கும்மா மறுப்பு? வாசகர்கள் என்ன சொல்றாங்க தெரியுமா? இது மாதிரி ஆள எங்க தெருவுலயே பாத்திருக்கோம்கறாங்க. பாஸாயிட்டீங்க போங்க." காதில் விழ வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஏங்கிய வார்த்தை அது. போனை வைத்துவிட்டு, கடையின் பின்னறையில் இயந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வேனுக்குள் உட்கார்ந்து சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அதில் ஒரு பிள்ளையும் ஏறியிருக்கவில்லை. சொந்த மகள் மட்டும் முன்சீட்டில் போய்வந்திருந்தாள்.

"அண்ணா, என்னை நாலு அறை அறைஞ்சுடு."

"அறைஞ்சா?"

"நான் வேணும்னு செய்யல."

"தெரியும். நீ கெட்டவ இல்ல." அவன் துணியைப் பிழிந்தான். "நல்லாத்தான் எழுதியிருக்க. படிக்கறப்போ எனக்கே ஆமாம்னுதான் இருந்துச்சு. பாட்டில் கட்டின எடம்கூட வண்டியில எங்கன்னு எனக்குத் தெரியுது."

அவள் வேனின் படியில் உட்கார்ந்தாள்.

"ஏண்ணா குனிஞ்சு பாக்கற?"

அவன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"வேனுக்கு முன்னாடி லாரிக்குப் போயிட்டிருந்தேன்ல, குடோனுக்கு? ஒருநாள் மத்தியானம், நல்ல வெயில். கிளீனர் நிழலுக்காக வண்டிக்கு அடியில படுத்திருக்கான். எங்களுக்குத் தெரியாது. எங்கூட இருந்த டிரைவர் வண்டிய எடுத்துட்டார். நான் பக்கத்து சீட்டு. சத்தம் கேட்டு நான்தான் எறங்கி மொதல்ல பாத்தேன்." துணியை மறுபடி பிரித்தான். "அன்னைலேர்ந்து குனியாம வண்டி எடுத்ததில்ல."

"என்கிட்ட சொன்னதே இல்லயேண்ணா."

"நீ கேட்டதே இல்லயேம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் எப்படியாவது தாங்கிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை அண்ணி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னைலேர்ந்து இவ பஸ்ல போகட்டும்" என்றாள் அண்ணி, பின்னலிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவள் பதறிப்போனாள். "அண்ணி! நீங்களுமா? பிள்ளமேல சத்தியமா சொல்றேன், அது நான் கட்டின கதை. அண்ணன் குடிக்கறவர் இல்ல. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

அண்ணியின் கை நின்றது. "இத்தனை வருஷம் பக்கத்துலயே படுத்தவ நான். எனக்குத் தெரியாதா? ஆனா தூக்கம் கலைஞ்சா கிட்டப் போயி அவர் வாய மோந்து பாக்கறேன். ஒரு வாடையும் இல்ல. ஒண்ணும் இல்லன்னா நல்லா மறைக்கறார்னு தோணுது. நீதான அப்படி எழுதியிருக்க, கெட்டிக்காரக் குடிகாரன்கிட்ட வாடையே வராதுன்னு. நான் என்ன செய்யட்டும், சொல்லு."

ஒரு மனுஷனை எழுந்து நடக்க வைக்கத் தெரிந்தவளுக்கு, அவனை மறுபடி உட்கார வைக்கும் வழி தெரியவில்லை.

நிலையருகே நிழல் தட்டியது. அண்ணன் ஈரக் கையோடு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அவன் யாரையும் பார்க்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மகளின் புத்தகப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டான். வேன் சாவியை ஆணியில் தொங்கவிட்டான்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போறேன்" என்றான் மனைவியிடம். "அது பரவாயில்லதான?"

அண்ணி மகளின் பின்னலை முடிந்தாள். ரிப்பனை இழுத்துக் கட்டினாள். செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டாள்.

"இருங்க" என்றாள். "நானும் கூட வர்றேன்."