அருவிக்குப் பின்னால் ஒரு சிங்கம்

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் அவரை எல்லோரும் அருவிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஒன்பதே காலுக்குப் பச்சைப் பொத்தானை அழுத்தி அருவியை வரவழைப்பதும், மாலை ஆறரைக்குச் சிவப்புப் பொத்தானை அழுத்தி அதை அனுப்பிவைப்பதும் அவர் வேலை. அருவி விழும் மலை சிமெண்டால் ஆனது. அந்த மலை காய்வதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பதினெட்டு வருடம் ஆகிறது. மலையின் வயிற்றுக்குள் பம்பு அறை, அதை ஒட்டிப் பார்வையாளர்கள் நடந்துபோக ஒரு குகைப் பாதை. இரண்டுக்கும் நடுவே, காற்று வருவதற்காக வைத்த ஒரு கம்பி வலை. மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் அருகில் உட்கார்ந்தால் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"இந்த மலைக்கு என்ன வயசுப்பா இருக்கும்?"

"ஆயிரம் வருஷம் இருக்கும்."

"ஆயிரமா? பாறையைப் பாத்தா தெரியலையா உங்களுக்கு? லட்சம்!" இது ஆயிரம் என்று சொன்னவரின் மனைவி.

இன்னொரு நாள் ஒரு பெண் கேட்டாள்: "ராத்திரி இந்த அருவியை எங்க கொண்டுபோய் வைப்பாங்க?" அவள் கணவர் தெரிந்தவர்போலச் சொன்னார்: "கீழ ஸ்டோர் ரூம் இருக்கும்." குகை வாசலில் உண்மையான அணில் ஒன்று திரியும். அதன் வாலில் பேட்டரியைத் தேடாத ஆள் அநேகமாகக் கிடையாது. பக்கத்திலேயே இருந்த பிளாஸ்டிக் பூக்களை மட்டும் எல்லோரும் முகர்ந்து பார்த்து, என்ன வாசனை என்று பாராட்டினார்கள்.

இவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் விஷயம் அதுவல்ல. மதிலுக்கு வெளியே தன் பிறப்புக்கே ஏதாவது நோக்கம் உண்டா என்று சந்தேகப்படுகிற மனிதர், சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்ததும் ஆணியில் பிடித்த துருவுக்குக்கூட ஒரு நோக்கம் கற்பிக்கிறார். காசு கொடுத்து வாங்கிய உலகத்தில் எதுவும் தற்செயலாக இருக்க முடியாது என்பது அவர் நம்பிக்கை. இதைவிட உறுதியான நம்பிக்கையைக் கோயில்களில்கூடக் காண்பது அரிது.

அருவிக்காரரின் சங்கடம் அந்த நம்பிக்கையிலிருந்துதான் தொடங்கியது.

ஒருநாள் காலை பம்பின் பேரிங் லேசாக முனகியது. அவர் நீளமான திருப்புளியின் முனையைப் பம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளே குண்டுகள் தேய்ந்துவிட்டன. பேரிங்கை மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு நாள் அருவியை நிறுத்த வேண்டும். மாற்றாவிட்டால் ஒருநாள் பம்பு இறுகி, மோட்டார் எரிந்துபோகும். மோட்டார் எரிந்தால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். போன வருடம் அலைக்குளத்து மோட்டார் எரிந்தபோது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர்தான். அப்படி ஒரு தாளே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அருவிக்காரர் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது முறை மேலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். மேலாளருக்கு அவர் வயதில் பாதி. பார்வையாளர்கள் எழுதிப் பெட்டியில் போடும் கருத்துச் சீட்டுகளைத் தவிர வேறெதையும் அவர் படிப்பதாகத் தெரியவில்லை.

"அண்ணே, எத்தனை விருந்தினர் இதப் பத்திப் புகார் சொல்லியிருக்காங்க?" பார்வையாளர்களை விருந்தினர் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி.

"அவங்களுக்கு எப்படி சார் தெரியும்? பேரிங் உள்ள இருக்கு."

"அப்ப பிரச்சனை இல்லன்னு அர்த்தம். அதுவும் ரெண்டு நாள் அருவியை நிறுத்தணும்ங்கறீங்க. எந்த ஊர்லயாவது அருவி நிக்குமா அண்ணே?"

முனகல் ஒரு வாரத்தில் உறுமலானது. குகையின் சுவர்கள் அதை வாங்கிப் பெரிதாக்கின. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு சிறுமி நின்றாள். "அப்பா, உள்ள சிங்கம் இருக்கு." அப்பா ஒரு நிமிடம் கூர்ந்து கேட்டார். "ஆமா, ஆண் சிங்கம்."

அந்தப் பூங்காவில் சிங்கம் என்று ஒன்று, பொம்மையாகக்கூட, கிடையாது. ஆனால் அன்றைய கருத்துச் சீட்டுகளில் ஆறு பேர் சிங்கத்தைப் பாராட்டியிருந்தார்கள். அடுத்த நாள் முப்பது. மூன்றாம் நாள் மேலாளர் 'சிங்கக் குகை' என்று ஒரு பலகை மாட்டினார். வரிசை வெளிவாசல் வரை நீண்டது. ஒரு அம்மாள் வலை வழியாக அருவிக்காரரிடமே கேட்டார்: "ஐயா, இதுக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு?"

"காலையில கொஞ்சம் கிரீஸ் வைப்பேம்மா. அவ்வளவுதான்."

"கறி கிடையாதா?"

"கிடையாதும்மா."

அந்த அம்மாள் திரும்பிப் பின்னால் நின்றவர்களுக்கு அறிவித்தார்: "சுத்த சைவமாம்!" வரிசை முழுக்க ஒரு மரியாதை பரவியது.

உண்மையில் அவர் கிரீஸ் கொஞ்சம் கூடவே வைத்திருந்தார். அதனால் ஒரு நாள் சத்தம் அடங்கியது. மறுநாளே மேலாளர் பம்பு அறைக்கு வந்துவிட்டார். பதினெட்டு வருடத்தில் எந்த மேலாளரும் அங்கே வந்ததில்லை.

"அண்ணே, நேத்து சிங்கம் சரியா உறுமலன்னு அஞ்சு புகார். என்ன பண்ணீங்க?"

"கிரீஸ் வச்சேன் சார்."

"இனிமே வைக்காதீங்க."

"சார், மோட்டார் எரிஞ்சிடும்."

"எரியாம பாத்துக்கத்தானே அண்ணே நீங்க இருக்கீங்க?"

அன்று மாலை சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, கணக்குப் போட்டுக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனார். பம்பில் கை வைத்தால் மூன்று எண்ணுவதற்குள் சுட்டது. இன்னும் எட்டு நாள் தாங்கினால் அதிகம். வீட்டுக்கு அனுப்பப்பட்டால் ஐம்பத்தாறு வயதில் வேறெந்த அருவியும் அவரைக் கூப்பிடாது.

அவருடைய மனைவி, துணிகளைப் பிரித்தும் குறைத்தும் தைத்துக் கொடுக்கும் ஒரு கடையில் வேலை பார்ப்பவர். வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார்.

"நீங்க என்னன்னு சொன்னீங்க?"

"பேரிங் போச்சுன்னு."

"அதான் தப்பு. என் கடைக்கு வர்றவங்ககிட்ட, உடம்பு வச்சிட்டீங்கன்னு நான் சொல்றேனா? துணி சுருங்கிடுச்சுன்னு சொல்றேன். பிரிச்சுத் தைக்கப் பேசாம குடுத்துட்டுப் போறாங்க. உண்மைய அப்படியே நீட்டினா யாருங்க போட்டுக்குவா? தையல் பிரிச்சு, கொஞ்சம் விட்டுத்தான் குடுக்கணும்."

"அதுக்காகப் பொய் சொல்லச் சொல்றியா?"

"பம்புக்கு நோவுன்னு சொன்னது உண்மைதானே? பேர மட்டும்தான் மாத்தறோம். நீங்க சம்பளம் வாங்கற ஆளு, நீங்க சொன்னா ஏறாது. நான் சீட்டு வாங்கிட்டு வரேன். நான் சொன்னா ஏறும்."

இதில் எது உண்மை, எது பொய் என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. அருவிக்காரருக்கும் அது எளிதாக இல்லை. ஆனால் அவர் மறுக்கவில்லை.

விடுமுறை நாளில் மனைவி சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார். குகைக்குள் நுழைந்து, உறுமலைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ பாவம்! இது உறுமல் இல்லைங்க. மூச்சு வாங்குது அதுக்கு!"

வலைக்கு இந்தப் பக்கம் அருவிக்காரர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நானும் நினைச்சேன்," என்றது ஒரு ஆண் குரல். "நெஞ்சுச் சளி. எங்க சித்தப்பாவுக்கு இதே சத்தம்தான்."

"இல்லைங்க, தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு."

"சைவம்னு சொன்னாங்களே?"

"அப்ப அதான் வியாதி. வெறும் காய்கறி போட்டா?"

"ஜோடி இல்லாத ஏக்கமாக்கூட இருக்கலாம்," என்றாள் ஒரு இளம்பெண். கூட வந்தவன் உடனே அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

மாலைக்குள் பெட்டி நிரம்பிவிட்டது. மனைவி எழுதியது இரண்டே வரி: 'சிங்கம் மிகவும் கஷ்டப்படுகிறது. தயவுசெய்து வைத்தியம் பாருங்கள்.' மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஒருவர் கஷாயத்துக்கான செய்முறை கொடுத்திருந்தார். ஒருவர் பத்திரிகைக்கு எழுதப்போவதாக மிரட்டியிருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேலாளர் பம்பு அறைக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, சிங்கத்துக்கு உடனே ஏதாவது பண்ணணும்!"

"சார், அது பம்பு."

"தெரியும் அண்ணே, தெரியும்." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "குணமாக எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு நாள்."

"அருவியை நிறுத்திடுங்க. யார் கேட்டாலும் நான் பாத்துக்கறேன்."

'சிங்கம் சிகிச்சையில் உள்ளது' என்று பலகை மாறியது. காய்ந்து நின்ற மலையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. சிங்கத்துக்குச் சளி கூடிவிடக் கூடாது என்று தண்ணீரை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று அவர்களே ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள். நிர்வாகத்தின் கருணை பெரிதாகப் பேசப்பட்டது.

அருவிக்காரர் பேரிங்கைக் கழற்றியபோது அதன் உள்வளையம் இரண்டாக வெடித்திருந்தது. இன்னும் இரண்டு நாள்கூடத் தாங்கியிருக்காது. புதியதைப் பொருத்தினார், மூன்றாம் நாள் காலை பொத்தானை அழுத்தினார். பம்பு ஓடுவதே தெரியவில்லை. தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது. பதினெட்டு வருடத்தில் அன்றுதான் அவர் வேலை நேரத்தில் கண்ணயர்ந்தார்.

சிங்கம் குணமாகிக் காட்டுக்கே திரும்பிவிட்டது என்று அன்றைய சீட்டுகள் ஒருமனதாக முடிவு செய்திருந்தன. மேலாளருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. ஆனால் வரிசை பழையபடி சுருங்கிவிட்டது. சனிக்கிழமை மதியம் அவர் மெல்ல வந்து நின்றார்.

"அண்ணே, அந்தப் பழைய பேரிங் இருக்கா?"

"எதுக்கு சார்?"

"திரும்ப மாட்ட முடியுமான்னு பாத்தேன். தினமும் வேண்டாம். சனி, ஞாயிறு மட்டும்."

அருவிக்காரர் கையில் இருந்த எண்ணெயைத் துணியில் நிதானமாகத் துடைத்தார்.

"அடக்கம் பண்ணியாச்சு சார்."

மேலாளர் சட்டென்று தலையைக் குனிந்து, கைகளை முன்னால் கோர்த்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தபோது, வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள்.