மதில்டா கழற்றிய மெசூசா

மதில்டா கல்தெரோனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஊரே விரதமிருக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கத்தரிக்காய் சுடுவாள். பல்கேரியாவிலிருந்து குடியேறிய யூதர்கள் அப்படித்தான் என்று அக்கம்பக்கம் விட்டுவிட்டது. அவள் பயந்தது ஒன்றுக்கு மட்டும்: வாசல் நிலையில் அடித்திருந்த மெசூசாவுக்கு, வீட்டைக் காக்க யூதர்கள் வேத வசனச் சுருளை வைத்து அடிக்கும் குழலுக்கு. போகும்போதும் வரும்போதும் அந்தப் பித்தளைக் குழலைத் தொட்டு விரலை முத்தமிடுவாள். அதைப் பக்தி என்று சொன்னவர்களோடு சண்டைக்குப் போவாள்.

அந்தப் பயம் வருவதற்கு முன், யாஃபா நகரத்து வீட்டைக் காலி செய்தபோது அதைக் கழற்றியவள் அவள்தான். அடுத்து வருகிறவர்களும் யூதர்கள் என்றால் மெசூசாவை விட்டுவிட்டுப் போவது முறை.

"எடுக்காதடி. எடுத்தவ பெத்த புள்ளைய மண்ணுல வைப்பா" என்றாள் பக்கத்து வீட்டு ஃபோர்த்துனா.

"என் புருஷன் காசு போட்டு வாங்கினது. உங்க சாமி வேணும்னா புதுசு வாங்கிக்கட்டும்" என்று மதில்டா சிரித்தாள்.

அது கோடைகாலம். பக்கத்து ஊரான பாத்யாமில் புது வீட்டு நிலையில் அதை அடித்தவன் மகன் நிசிம். இலையுதிர்காலத்தில் போர் வந்தது. போர்முனையான கால்வாய்க்கரையிலிருந்து அவனைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

அன்றிலிருந்து அவள் தன் கணக்கில் பிள்ளையைக் கொன்றவள். இல்லாத கடவுள் தண்டித்துவிட்டார் என்று நம்புவதில் அவளுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

இப்போது முதுமையில் மகள் வீட்டோடு போகிறாள். வீட்டை வாங்கியவன் எல்யாஷீவ், பக்திமான்கள் போடும் பின்னல் தொப்பி போட்ட இளைஞன்.

"மெசூசாவ எடுத்துட்டுப் போங்கம்மா, நான் வேற மாட்டிக்கிறேன்."

"கழட்டமாட்டேன். எனக்கு ஒரு பேரன் இருக்கான், பட்டாளத்துல."

"சரி, இங்கயே இருக்கட்டும். உள்ள சுருள்ல எழுத்து அழிஞ்சிருக்கான்னு மட்டும் பார்த்துடறேன். கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"நான் எதுக்குடா பார்க்கணும்? அதுதான் என்னப் பார்த்துக்கிட்டிருக்கு."

ஆணியைப் பிடுங்கினான். குழலின் முதுகில் ஈயம் வைத்து அடைத்திருந்தது. கடையை விட்டு வந்த நாளிலிருந்து யாரும் திறக்கவில்லை. நெம்பித் திறந்து உள்ளங்கையில் தட்டினான். எதுவும் விழவில்லை.

அவனுக்கு ஒரே சந்தோஷம். "அம்மா, இது மெசூசாவே இல்ல! வேத வசனம் எழுதின சுருள் இருந்தாத்தான் மெசூசா. இது வெறும் குழல். கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"ஏமாத்தியிருக்க மாட்டான். என் புருஷன்தான் சுருள் கேட்டிருக்க மாட்டாரு; மேல எழுத்து பளபளன்னு இருக்கான்னு மட்டும் பார்த்திருப்பாரு."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஒரு பாவமும் இல்ல."

"யாஃபாவுல கழட்டினப்ப?"

"அப்பவும் இல்லம்மா."

மதில்டா மூட்டைமேல் உட்கார்ந்தாள். தளபதிகளின் அசட்டுத்தனம், எதிரியின் பீரங்கி என்று ஊர் சொன்ன காரணம் எதுவும் நிசிமின் சாவுக்கு ஈடாகப் போதவில்லை. யாஃபாவில் அவள் சிரித்த அந்தச் சிரிப்பு ஒன்றுதான் போதுமானதாக இருந்தது.

"அப்ப என் புள்ள எதுக்குடா செத்தான்?"

எல்லாவற்றுக்கும் விதி தெரிந்த எல்யாஷீவ் காலிக் குழலை மறுபடியும் உள்ளங்கையில் தட்டிப் பார்த்தான்.

"உன்கிட்ட சுருள் இருக்கா?" என்றாள்.

"புதுசு ஒண்ணு இருக்கும்மா."

"இதுக்குள்ள வச்சு அடி."

"அடிச்சா நிஜ மெசூசா ஆயிடும், அப்புறம் நீங்க கழட்ட முடியாதே."

"தெரியும். அடி."

அடித்து முடித்தான். நிலையைத் தொடாமல் எட்டி நின்றாள் மதில்டா, பழைய பயம் வருகிறதா என்று காத்துக்கொண்டு.