நூற்று நாற்பத்து நான்காவது படிவம்

நான் எதையும் பத்து மடங்கு பெருக்கிச் சொல்பவன் என்று என் மனைவி காமு எங்கள் டாக்குரியா பேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மைதான். ஆனால் இதில் ஒரு சொட்டுக்கூடப் பெருக்கவில்லை. சத்தியமாக, குறைத்துத்தான் எழுதுகிறேன்.

லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளி ஒன்று. வருடாவருடம் எல்லாக் குடும்பங்களின் முகவரியும் போன் நம்பரும் போட்டு ஒரு டைரக்டரி வரும். பாங்கிலிருந்து ரிட்டயரான நாள்முதல் அதைத் தயாரிப்பது நான். போன வருடம் ஒருவருக்கும் போன் செய்து சரிபார்க்காமல் இரண்டே நாளில் முடித்தேன்! மின்னல்கூட என்னிடம் பிச்சை வாங்க வேண்டும்!

இந்த வருடம் பள்ளிச் செயலாளர் விஜயலக்ஷ்மி கறாராகச் சொல்லிவிட்டாள். "மாமா, ஒவ்வொரு நம்பருக்கும் போன் பண்ணிப் பார்த்துட்டுத்தான் அச்சுக்குத் தரணும்."

எண்ணி வாங்கியது, பெற்றோர் நிரப்பிய நூற்று நாற்பத்து மூன்று படிவங்கள்.

ஜூலை பதினெட்டு. பிற்பகல் மூன்று பத்து. மழை. கடைசிப் படிவத்தையும் முடித்து நிமிர்ந்தால், அடியில் இன்னொன்று.

ஈரமாக.

நாற்றம்! மீன் மார்க்கெட் சாக்கடையில் ஒரு மாதம் ஊறிய கந்தலை மூக்கில் திணித்த மாதிரி.

உள்ளேயிருந்து காமு கத்தினாள். "ஏன்னா, மீன் கீன் வாங்கிண்டு வந்தேளா? குமட்டறது!"

"நானா? சிவ சிவா!"

படிவத்தில் பெயர்: ஸ்னேகா, இரண்டாம் வகுப்பு. போட்டோவை ஒட்டிய பசை பச்சையாக, சளி போல நூல் விட்டது. அதற்குள் ஒரு தலைமுடி. இழுத்தேன்... வந்தது... இன்னும் வந்தது...

சீ!

'பள்ளி விட்டதும் அழைத்துப் போகிறவர்' என்ற கட்டம் மட்டும் காலி.

சரியாக மூன்று நாற்பதுக்கு, பள்ளி விடும் நேரத்துக்கு, அதிலிருந்த அம்மாவின் நம்பருக்கு அடித்தேன்.

களக்... களக்...

"ஹலோ, ஸ்னேகாவோட அம்மாவா?"

களக்...

"தாது..." இந்த வங்காள ஊரில் பிள்ளைகள் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடும். "ஸ்கூல் விட்டாச்சு தாது. யாரும் வரலை."

என் காது நனைந்தது. வாயெல்லாம் பாசி ருசி.

படிவத்தைப் பார்த்தேன்.

காலிக் கட்டம் நிரம்பியிருந்தது.

என் பெயர். என் நம்பர்.

இடுக்கியால் பிடித்துக் குப்பையில் போட்டேன். ஏழு தடவை சோப்பு போட்டுக் கை கழுவினேன். பிறகு விஜயலக்ஷ்மிக்குப் போன்.

"ஸ்னேகா ஃபாரமா?" அவள் குரல் இறங்கியது. "யார் குடுத்தா மாமா?"

"ஏன்?"

"போன ஆகஸ்ட்ல, நீங்க சென்னைல இருந்தப்போ... நல்ல மழை. அவளை அழைச்சுண்டு போக யாரும் வரலை. டைரக்டரியைப் பார்த்து அம்மாவுக்குப் போன் பண்ணினோம். யாரோ எடுத்து ராங் நம்பர்னான். கொழந்தை தானாக் கிளம்பி ஏரிப் பக்கம் போயிடுத்து. மூணு நாள் கழிச்சுத்தான் மிதந்தது."

போன வருட டைரக்டரியை இழுத்துப் பிரித்தேன்.

"நம்பர்ல ஒரே ஒரு எண்தான் மாமா தப்பு. உங்ககிட்ட சொல்ல மனசு வரலை."

டைரக்டரி அச்சாகி வந்துவிட்டது. அந்தப் படிவத்தை நான் அனுப்பவில்லை. ஆனாலும் கடைசிப் பக்கத்தில் ஸ்னேகா இருக்கிறாள். அழைத்துப் போகிறவர்: நான். பத்து எண்ணும் சரியாக இருக்கிறது.

தினமும் மூன்று நாற்பதுக்கு என் போன் அடிக்கிறது.

அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பே காமு மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.