ஐந்து பேர் உள்ள வீடு

கொரோனாக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தீவுகளுக்கென்று ஒரு வரைபடம் வந்தது. வேலணையில் நான் வேலை செய்த அலுவலகக் கணினியில் அதைத் திறந்தால் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளியைத் தொட்டால் அந்த வீட்டின் விவரம் விரியும்: உழைப்பு நின்றுவிட்டதா, பிள்ளைகள் படிப்பை விட்டார்களா, மருந்து கிடைக்கிறதா, சாப்பாடு போதுமா. நோய் வந்தவர்களை மட்டும் எண்ணாமல், நோய் வராத வீடுகளையும் இந்தக் காலம் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம் என்றார்கள். நல்ல நோக்கந்தான். எனக்கு அரச வேலையில் முதல் தடவையாக உற்சாகம் வந்தது.

வீடு வீடாகப் போகத் தடை இருந்ததால் விவரங்களைத் தொலைபேசியில் கேட்டார்கள். முதற் கேள்வியே வீட்டில் எத்தனை பேர் என்பது.

நெடுந்தீவின் விவரங்கள் ஏறி முடிந்த அன்று படத்தைத் திறந்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். தீவு முழுக்கச் சிவப்பு. ஒரே வீட்டில் பலர் நெருங்கி வாழ்கிறார்கள் என்று அதற்குப் பொருள். பூட்டிய வீடுகளும் பற்றை மண்டிய வளவுகளுமாகக் கிடக்கும் நெடுந்தீவில் சனம் முட்டி வழிகிறதாம்!

அக்காவின் புள்ளியைத் தொட்டதும் சிரிப்பு நின்றது. என் மூத்த அக்கா அங்கே தனியாக இருந்தார். அத்தான் இறந்து கனகாலம். நாலு பிள்ளைகளும் பிரான்சிலும் கனடாவிலும். அக்காவுக்குச் சலரோகம் என்கிற சீனி வருத்தம், அந்த நேரம் பாதத்தில் ஆறாத புண் வேறு. வரைபடத்தில் அந்த வீட்டில் ஐந்து பேர்.

தனியே இருக்கும் வயதானவர்களின் வீட்டுக்குத்தான் தாதி போய்ப் புண்ணைக் கழுவி மருந்து கட்டுவார். மற்றவர்களை வீட்டிலுள்ளவர்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும். யாருக்கு எது என்பதைப் புள்ளியின் நிறத்தைப் பார்த்துத்தான் தீர்மானித்தார்கள். உடனே அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"ஏனக்கா அஞ்சு பேர் எண்டு சொன்னனீங்கள்?"

"நானும் நாலு பிள்ளையளும். அஞ்சுதானே?"

எங்கள் ஆட்கள் அப்படித்தான். பிள்ளை வெளிநாடு போய் எத்தனை வருடமானாலும், அங்கேயே பேரப்பிள்ளை கண்டாலும், வீட்டுக் கணக்கிலிருந்து எடுக்க மாட்டார்கள். நெடுந்தீவு முழுவதும் அப்படியே சொல்லியிருந்தது. நான் பார்த்துச் சிரித்த சிவப்பெல்லாம் பாரிசிலும் லண்டனிலும் டொரன்டோவிலும் இருந்த சனம்.

"அங்கை இப்ப ஆர் இருக்கினம் எண்டுதான் அவை கேக்கினம். திரும்ப எடுப்பினம். நான் தனிய எண்டு சொல்லுங்கோ, அவ்வளவு சொன்னால் காணும்."

"ஏலாது தம்பி." குரல் உடைந்துவிட்டது. "மூத்தவன் அங்கை மூச்செடுக்க ஏலாமல் ஆஸ்பத்திரியிலை கிடக்கிறான். இந்த நேரத்திலை பிள்ளையள் இல்லையெண்டு என்ர வாயாலை சொல்லச் சொல்லுறியோ?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விசர்க்கதை கதைக்காதேங்கோ என்று கத்தினேன். அக்கா தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

மேலதிகாரியிடம் போய் நின்றேன். வீட்டுக்காரர் சொன்னதை நாங்கள் மாற்ற முடியாது, சரிபார்க்க மறுபடி அழைப்பார்கள், அப்போது திருத்தலாம் என்றார். அழைத்தார்கள். அக்கா மறுபடியும் ஐந்து பேர் என்றார்.

பக்கத்து வளவுக்காரர் தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் அக்காவை ஏற்றிப்போய் இரண்டொரு தரம் மருந்து கட்டுவித்தார். பிறகு அவர் வீட்டையும் தனிமைப்படுத்திவிட்டார்கள். நெடுந்தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவானில் சாமான் ஏற்றும் படகுகள் மட்டுமே ஓடின. நான் இறங்குதுறையில் போய்க் கெஞ்சினேன், சண்டையும் பிடித்தேன். ஏற்றவில்லை. திரும்பி வந்து கணினியில் அக்காவின் புள்ளியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சிவப்பாகவே இருந்தது. இவ்வளவு அருகில் அக்காவை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிப் படகில் அக்காவை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தபோது கால் முழங்கால்வரை கறுத்திருந்தது. காலை எடுத்தார்கள். காய்ச்சல் விடவில்லை. சில நாட்களில் போய்விட்டார். அக்காவின் மூத்தவன், என் மருமகன், பிழைத்துக்கொண்டான். தாய்க்கு நான் கொள்ளி வைத்ததை நாலு பேரும் தொலைபேசியில் பார்த்து அழுதார்கள்.

பிறகு வரைபடத்தைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். அக்காவின் தொலைபேசி என்னிடம்தான் இருந்தது. ஒருநாள் அது அடித்தது. இளம்பெண் ஒருத்தியின் குரல்.

"நெடுந்தீவு வீட்டிலை இப்ப எத்தினை பேர் இருக்கினம் ஐயா?"

வீட்டைப் பூட்டித் திறப்பை நான்தான் வைத்திருந்தேன். அங்கே ஒருவரும் இல்லை. பிழையான ஒரு எண்ணிக்கை என்ன செய்யும் என்று என்னைவிட நன்றாக அறிந்தவன் அந்த அலுவலகத்தில் இல்லை. சொல்ல வாயைத் திறந்தேன். மருமக்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"ஐயா, லைனிலை நிக்கிறியளோ?"

"ஓம்," என்றேன். "நாலு பேர்."