கல்லில் நின்ற காரின் சூடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், இறுப்பிட்டியில், டிஸ்பென்சரி நேர்சாக, ஊர் வாயில் மிஸியாக இருந்தவள் நான். காய்ச்சல் பிள்ளைக்கு நூல் கட்டிப் பார்த்துவிட்டு, அது சரிவராமல் கடைசியில் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மாரை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். "மிஸியின்ரை வாய்க்குப் பயந்தே வருத்தம் ஓடிப்போயிடும்" என்று பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

என் கணவர் மலைநாட்டு டவுன் ஒன்றில் கடை வைத்திருந்தார். எண்பத்து மூன்றாம் ஆண்டு சித்திரை வருஷப் பிறப்புக்குத் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தவர், எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் கண்டபடி ஏறுகிறது, இதை நம்பி மலை ஏற ஏலாது என்று காரை வீட்டு வளவில் விட்டுவிட்டு ரயிலில் திரும்பிப் போனார். ஆடியில் கலவரம் வந்தது. கடை எரிந்தது. பக்கத்துக் கடைக்காரர் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார். என் கணவர் கடையின் பின்கதவைப் பூட்டத் திரும்பி ஓடியதைக் கண்டதாகச் சொன்னார். அவ்வளவுதான் செய்தி. உடம்பும் கிடைக்கவில்லை.

நான் அழவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மரத்துக் கிடக்குமே, அப்படி ஒரு வருடம் கிடந்தேன். வேலைக்குப் போனேன், வந்தேன், சோறு சமைத்தேன், சில நாள் மறதியில் இரண்டு பேருக்குச் சமைத்தேன்.

அடுத்த ஆடி பிறந்ததும் அவருடைய தமையன் வந்து கதிரையில் இருந்தார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"பிள்ளை, வருஷம் ஒண்டாச்சுது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையிலை தம்பிக்குச் செய்யவேண்டிய கிரியையைச் செய்து முடிப்பம். தாலியையும் அண்டைக்கே கழட்டிவிடும். எத்தினை நாளைக்கு இப்பிடி ரெண்டுங்கெட்டான் நிலையிலை இருப்பீர்?"

"ஓம் அண்ணை" என்றேன். அவர் என்ன சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அதையேதான் சொல்லியிருப்பேன்.

காரைத் திருத்தினால் அதிலேயே கீரிமலைக்குப் போய்வரலாம் என்பது அவருடைய யோசனை. சுருவிலில் இருந்து இராசன் என்ற மெக்கானிக் வந்தான். கெட்டிக்காரன், ஆனால் எஞ்சினோடு கதைத்துக்கொண்டே வேலை செய்வான், பார்க்க விசர்போல இருக்கும். ரயர் நாலும் காற்றுப் போயிருந்ததால் காரை முருகைக்கல் அடுக்கி உயர்த்தி, சில்லுகளைக் கழற்றினான். தன் பற்றரியைக் கொழுவிச் சாவியைத் திருப்பினான். ஒரு வருடமாக ஓடாத கார், முள் நேராகச் சிவப்புக்குப் போய் நின்றது.

எஞ்சினின் தலைப்பக்கத்தில் விரலளவு பித்தளைக் குமிழ் ஒன்று இருக்கிறது. தண்ணீரின் சூட்டை அறிந்து முள்ளுக்குச் சொல்வது அதுதான். இப்போது எல்லாரும் சென்சர் என்கிறார்கள். இராசன் அதன் வயரைப் பிடுங்கினான், முள் விழுந்தது. கொழுவினான், ஏறியது. குமிழைக் கழற்றிக்கொண்டு குசினிக்கு வந்து, கிணற்றுத் தண்ணீரிலும் கொதிதண்ணீரிலும் மாறி மாறிப் போட்டு மீற்றர் பிடித்துப் பார்த்தான். இரண்டிலும் ஒரே கதை.

"உள்ளுக்கை செத்துப்போச்சு மிஸி. இது குளிரையும் சூடெண்டுதான் சொல்லும்."

யாழ்ப்பாணம் டவுனில் இருந்து வேறொன்று வாங்கிவந்து பூட்டினான். எஞ்சின் இருமி இருமிக் கிளம்பியது. முள் மெல்ல ஏறி நடுவில் நின்றது. இதுவரை அதிசயம் ஒன்றுமில்லை. தன் பற்றரியையும், ரயர் சரிபார்க்கச் சில்லுகளையும் எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு நாள் விட்டு மறுநாள் காலை, அதாவது கீரிமலைக்குப் போவதற்கு முதல் நாள், பற்றரியோடு வந்தான். சில்லுகள் பின்னால் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் வருவதாகச் சொன்னான். கார் கல்லுக்கு மேலே நின்றபடியே நின்றது. பற்றரியைக் கொழுவிச் சாவியை மட்டும் திருப்பினான், எஞ்சினைக் கிளப்பவில்லை. முள் நடுவுக்குப் போய் அங்கேயே நின்றது.

புதுக் குமிழை விற்ற கடைக்காரனின் பரம்பரையையே ஏசிக்கொண்டு குமிழைக் கழற்றக் கைவைத்தவன், கையை உதறிக்கொண்டு பின்னால் துள்ளினான்.

"மிஸி, சுடுது."

நான் போய்க் காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொடுவதுபோல எஞ்சினில் புறங்கையை வைத்தேன். உண்மையாகவே சுட்டது. வெயில் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. இராசன் காருக்குக் கீழே படுத்து முன்னுக்கிருந்து பின்னுக்கு ஊர்ந்துபோய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். வெளியே வந்தபோது முகத்தில் இரத்தமில்லை.

"பின் அச்சிலை சில்லைச் சுத்துற பல்லுப்பெட்டியும் சுடுது மிஸி. நிண்ட இடத்திலை எஞ்சினை ஓடவிட்டால் அது சுடாது. தூர றோட்டு ஓடி வந்தால்தான் சுடும்."

சில்லில்லாத கார். இரண்டு இரவு பற்றரியும் இல்லாத கார். நான் கையை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தமையன் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "என்ன, சரியாச்சுதோ? நாளைக்கு விடிய வெளிக்கிடவேணும்."

"நான் வரேல்லை அண்ணை."

"என்ன கதை இது? ஐயருக்கும் சொல்லியாச்சு."

"உடம்பிலை சூடு இருக்குமட்டும் செத்தாச்சு எண்டு நாங்கள் சொல்லுறேல்லை அண்ணை. எங்கடை வேலையிலை அப்பிடி ஒரு வழக்கமில்லை."

அவர் என்னையும் இராசனையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார், அவரில் பிழையில்லை. "நீர் வராட்டி நான் போய்ச் செய்யிறன்" என்று கோபத்தோடு போனார். சொன்னபடி பஸ்ஸில் போய்த் தனியாகவே செய்துவிட்டு வந்தார்.

அவர் படலையைச் சாத்திய பிறகும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இராசன் கதிரை கொண்டுவந்து போட்டான், தண்ணீர் தந்தான், பிறகு பயத்தில் போய்விட்டான். சூடு குறைந்துகொண்டே வந்தது. எத்தனையோ பேருடைய நெற்றியில் கைவைத்து அது ஆறுவதைப் பார்த்தவள் நான், அது எப்படி ஆறும் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் திரும்பும் நேரம் இரும்பு வெறும் இரும்பாகிவிட்டது. அப்போது அழுதேன். ஒரு வருடத்து அழுகை, ஊர் கேட்க அழுதேன்.

அதற்குப் பிறகு அந்தக் கார் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு சண்டைக்குப் பயந்து ஊரோடு தீவை விட்டு வெளிக்கிட்டபோது அதை வளவிலேயே விட்டுவிட்டு வந்தோம். தாலி இன்றும் என் கழுத்தில் கிடக்கிறது. அன்றைக்கு என் கணவர் வீட்டுக்கு வந்தார் என்று இராசன் கடைசிவரை சொன்னான். வந்தாரோ இல்லையோ, அது எனக்குப் பயமில்லை, என் பயம் வேறு. கையில் பட்ட சூடு உண்மையென்றால் அவர் கலவரத்தில் சாகவில்லை, அந்தச் சூடு ஆறிய அன்று மத்தியானம்தான் செத்தார். அப்படியென்றால் அந்த ஒரு வருடமும் அவர் எங்கோ உயிரோடு இருந்திருக்கிறார், ஒருவர்கூடத் தேடிப் போகவில்லை.