பழைய வாடகை

பட்டன் அக்கா என்றால்தான் அந்த ஊரில் அவளைத் தெரியும். பக்கவாதத்தில் கை விழுந்தவர், விபத்தில் விரல் போனவர், பென்சில் பிடிக்க வராத பிள்ளை, யார் வந்தாலும் ஒரு பழைய சட்டையை மடியில் போட்டு, "இந்த ஒரு பட்டனை மட்டும் போடுங்க, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். அவள் பார்த்த வேலைக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று பெயர். வாயில் நுழையாத அந்தப் பெயரைக் கட்டிக்கொண்டு யார் அழுவது? பட்டன் அக்கா என்றே வைத்துவிட்டார்கள். "பேரு நீளம், சம்பளம் கட்டை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இருபத்தெட்டு வருஷமாக ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வாடகை வீடு. ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கும்போது வீட்டு ஓனர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"வீட்டை வித்துடலாம்னு இருக்கேம்மா. பக்கத்து பைக் கடைக்காரர் காசோட நிக்கிறார். இத்தனை வருஷம் இருந்தீங்க, உங்கள கேக்காம குடுக்க மனசு வரல. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள முழுப் பணம் கட்டினா உங்களுக்கு. இல்லன்னா அவருக்கு."

அவளுடைய கணவர் இறந்து ஐந்து வருஷம். அவர் படுத்த படுக்கையாகுமுன் நடந்து பழகுவதற்காகக் குளியலறைச் சுவரில் அவளே அளந்து போட்ட கைப்பிடி இன்னும் அங்கே இருக்கிறது. ஊரார் கையைப் பிசைந்து பிசைந்து அவளுடைய பெருவிரல் மூட்டு இரண்டும் தேய்ந்துபோய்விட்டன. இந்த வயதில், இந்தக் கையோடு, வீடு தேடி அலைவதா?

அலமாரியிலிருந்து பேங்க் பாஸ்புக்குகளை எடுத்தாள். பழசெல்லாம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. எல்லாவற்றின் மேலும் அவள் எழுத்தில் "பழைய வாடகை" என்று இருக்கும்.

அது ஒரு பழைய கதை. படித்து முடித்ததும் பெரிய நகரத்தில் வேலை. கூடப் படித்த நெட்டையும் அவளும் மூன்றாவது மாடியில் ஒரே அறை. அப்பப்பா, என்ன வாடகை! ஆளுக்குப் பாதி கொடுத்தும் மாதக் கடைசியில் கையைக் கடிக்கும். தண்ணீர் அரைமணி நேரம்தான் வரும். ஒரே கட்டில், ஒரு நாள் இவள், ஒரு நாள் அவள். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல ஷூ, வேறு நல்ல வேலைக்கு நேர்காணல் வந்தால் போட்டுக்கொள்ள. பட்டன் அக்காவுக்கு அது அளவு. நெட்டைக்கோ ஒரு சைஸ் சின்னது. நொண்டிக்கொண்டே போய் அவள் வேலை வாங்கிக்கொண்டு வந்த அன்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். என்ன நாட்கள் அவை!

கல்யாணமாகிப் பட்டன் அக்கா இந்தச் சின்ன ஊருக்கு வந்தாள். சம்பளம் கொஞ்சம் குறைவு. வாடகையோ அங்கே கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை. தலைகால் புரியவில்லை அவளுக்கு. மிக்சி, திரைச்சீலை, கணவருக்குக் கைக்கடிகாரம் என்று வாங்கித் தள்ளினாள். மூன்றாம் மாதம் நெட்டைக்குப் போன் செய்து, பணம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்றாள். நெட்டை பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"வாடகை கம்மின்னு ஆடாதடி. நான் இங்க அழற வாடகையை நீயும் அழறதா நெனச்சுக்க. அங்க குடுத்தது போக மிச்சத்தை பேங்க்ல போடு. தொட்டே, கைய உடைப்பேன்."

"ஒடஞ்சா நீயே சரி பண்ணிடுவே."

அன்றிலிருந்து அப்படியே. ஒவ்வொரு வருஷமும் முதல் ஞாயிற்றுக்கிழமை பட்டன் அக்கா போன் போடுவாள். "உன் ஓனர் எவ்வளவு ஏத்தினான்?" என்பாள். "கேக்காத, வயித்தெரிச்சல்" என்று நெட்டை ஒரு கணக்குச் சொல்வாள். பிறகு ஒரு மணி நேரம் ஷூ, கட்டில், குழாய் என்று பேச்சு ஓடும். மறுநாள் பட்டன் அக்கா முனகிக்கொண்டே தொகையைக் கூட்டிக் கட்டுவாள். "எங்கேயோ இருக்கிற ஓனருக்கு நாம ஏன் வாடகை கட்டணும்?" என்று கணவர் கிண்டல் செய்வார். கடைசிப் பத்துப் பதினோரு வருஷமாக அந்த ஓனர் கண்டபடி ஏற்றினான். கணவர் படுக்கையில் விழுந்த வருஷம் மட்டும் ஏற்றவில்லை. "அவனுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குடி" என்றாள் நெட்டை.

கூட்டிப் பார்த்தாள். நம்பாமல் மறுபடி கூட்டினாள். வீட்டு விலை, பத்திரச் செலவு எல்லாம் போக ஒரு மாதச் செலவுக்கு மிஞ்சியது. உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டாள்.

பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து நெட்டைதான் போட வேண்டும் என்று முடிவு செய்தாள். போனில் கூப்பிட்டால் முட்டி வலி, மூச்சு வாங்குது என்று மழுப்பினாள் நெட்டை. 'இவளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தால்தான் உண்டு' என்று புதன்கிழமை காலை பஸ் ஏறினாள்.

தெரு இருந்தது. கட்டடம் இல்லை. அந்த இடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. எதிரே சாவி போடுகிறவரிடம் கேட்டாள்.

"அந்தக் கட்டடமா? இடிச்சு பதினோரு வருஷமாச்சேம்மா. மூணாவது மாடியில ஒசரமா ஒரு டாக்டரம்மா இருந்தாங்க, அவங்களா? பின் தெருவுல தம்பி வீட்டுல இருக்காங்க."

தம்பி வீட்டு பால்கனியைத் தட்டி வைத்து அடைத்து ஓர் அறை. கட்டிலில் நெட்டை கால் மடக்கிப் படுத்திருந்தாள். நீட்டினால் சுவர் இடிக்கும். வாசலில் நின்றவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பதினோரு வருஷமா பொய் சொன்னியா?"

"ஆமா, சொன்னேன். ரூம் போச்சுன்னு சொன்னா நீ எதை வெச்சுடி எனக்கு போன் பண்ணுவே? வருஷத்துல அந்த ஒரு நாளுக்குத்தான் உக்காந்திருப்பேன்."

"ஏத்தினதெல்லாம்?"

"நான்தான். மொத வருஷம் பயந்து பயந்து கொஞ்சமா ஏத்தினேன். நீ கட்டிட்டே. அப்புறம் துணிஞ்சுட்டேன். என் சம்பளம் தம்பி பிள்ளைங்க படிப்புக்கே போச்சு. உன்னுதாவது சேரட்டுமேன்னுதான்." குரல் இறங்கியது. "அவர் படுத்த வருஷம் மட்டும் எனக்கு ஏத்த மனசு வரல."

பட்டன் அக்கா குனிந்து கட்டிலுக்கடியிலிருந்த சூட்கேசை இழுத்து, கொடியில் கிடந்த துணிகளை அதில் அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

"என்னடி பண்றே? ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு துணி எதுக்கு?"

"வீட்டுல ரெண்டு ரூம் இருக்கு. நீ கால் நீட்டிப் படுக்கலாம்."

நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஓசியில எல்லாம் வர மாட்டேன். வாடகை எவ்வளவு?"

"பதினோரு வருஷத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டே."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் கண்டபடி ஏத்துவேன்."

சூட்கேஸ் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இவள் பெருவிரலுக்கும் பலமில்லை, அவள் பெருவிரலுக்கும் பலமில்லை. ஒருத்தி மூடியின் மேல் உட்கார, இன்னொருத்தி இரண்டு கையாலும் இழுத்து மூடினாள்.